கறுப்புக் கண்ணாடி ஜீப்பில் அலவத்துகொட வரை

ஜீப் எடுக்கப் போனவர்கள் இரண்டு பேர்: என் தாய்மாமன் முத்தையாவும் நானும். வராதவர்கள் மூன்று பேர். அத்தை வரவில்லை, தன்னுடைய பதினெட்டுப் பவுண் நகையை விழுங்கிய வண்டியைக் கண்ணாலும் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மாமாவின் மகள் மலருக்கு அன்று உயர்தர வகுப்பு. மூன்றாமவர் ஜீப்பின் சொந்தக்காரர். பதிவுப் புத்தகத்தில் அவருடைய பெயர் இருந்தது, விலாசம் இருந்தது, மாற்றல் படிவத்தின் அடியில் கையெழுத்தும் இருந்தது. ஆள் மட்டும் வரவில்லை.

போர் மறுபடியும் மூண்டிருந்த காலம் அது. சண்டை வடக்கில்தான் நடந்தது என்றாலும், கண்டியைச் சுற்றி ஒவ்வொரு பாலத்தடியிலும் மணல் மூட்டையும் தடுப்புக் கம்பமும் முளைத்திருந்தன. மாமா கலஹாவிலிருந்து லீக்ஸும் கரட்டும் ஏற்றி வெளியூர்ச் சந்தைகளுக்கு லொறி விடுகிறவர். ஆறு மாதத்துக்கு முன் ஒரு தடுப்பில் அவரை இறக்கி, நாற்பத்திரண்டு பெட்டிகளையும் ஒவ்வொன்றாக அவரே இறக்கிக் காட்டச் செய்து, மழையில் முழங்காலில் இருத்தி வைத்திருந்தார்கள். லொறியின் முன்னிருக்கையில் மலர் இருந்தாள். வீடு வந்து சேரும் வரை அப்பாவும் மகளும் ஒருவரோடொருவர் பேசவில்லையாம். மறுவாரம் மாமா இரண்டு லொறிகளில் ஒன்றை விற்றார்.

"பெரிய ஜீப்பு, கறுப்புக் கண்ணாடி. அதுல போறவன எவனும் எறங்குன்னு சொல்ல மாட்டான் மாப்ள," என்றார். அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

என்னைக் கூட்டிப் போனதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் பரீட்சை எழுதித் தேறிய முதல் ஆள் நான். தோட்டப் பாடசாலையில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் சொல்கிறேன். மூன்று மொழியும் வாசிப்பேன். எனவே எங்கள் வீடுகளில் எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்கு வந்துதான் மற்றவர் கைக்குப் போகும்.

காலை 7.10. கலஹாவிலிருந்து கண்டி பஸ், ஆளுக்கு இருபத்தைந்து ரூபா. மாமா காசை உரப் பையில் சுற்றி, மேலே இரண்டு முட்டைக்கோசு வைத்து, மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். கண்டியிலிருந்து பல்லேகலவுக்கு இன்னொரு பஸ், பதினைந்து ரூபா.

9.30. விற்பனை நிலையம் என்று பெயர்தான். சுற்றிலும் தகரம் அடித்த ஒரு காணி. எட்டு வாகனங்கள் நின்றன. எங்களுடையது கடைசியில், மற்ற ஏழுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கறுப்பு நிறம். பால் கோப்பி நிறத்தில் தோல் இருக்கைகள். மரம் போல மினுங்கும் முன்பலகை. கூரையில் திறந்து மூடும் கண்ணாடி. நான்கு சக்கரமும் இழுக்கும். கலஹா ஏற்றத்தை மூன்றாம் கியரில் ஏறிவிடும் என்று விற்பனைக்காரர் சத்தியம் செய்தார். அதே வகை வண்டி கொழும்பில் ஐம்பது லட்சத்துக்குக் குறையாது. இவர் சொன்னது முப்பத்தெட்டு. மாமா பேசி முடித்தது முப்பத்தாறு. டீசல் தொட்டி வாய் வரை நிறைந்திருந்தது. விற்கப்போகும் வண்டிக்கு யாரும் டீசல் நிரப்புவதில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வாகனம் வாங்கி அனுபவம் இல்லாத வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் பழைய வாகனங்கள் பெரும்பாலும் 'ஓப்பன் பேப்பர்' முறையில்தான் கைமாறுகின்றன. சொந்தக்காரர் மாற்றல் படிவத்தில் கையெழுத்து மட்டும் போடுவார். வாங்குபவர் பெயரையும் திகதியையும் வெறுமையாக விட்டுவிடுவார். அந்தக் காகிதத்தோடு வண்டி மூன்று நான்கு கை மாறும். கடைசியில் வாங்குகிறவர் தன் பெயரையும் அன்றைய திகதியையும் நிரப்பி வாகனப் பதிவுக் கந்தோரில் கொடுப்பார். இடையில் இருந்தவர்களுக்கு வரியும் இல்லை, தடயமும் இல்லை. அதனால் வியாபாரிகள் ஒருபோதும் திகதி போடமாட்டார்கள்.

எங்கள் படிவத்தில் திகதி இருந்தது. பெப்ரவரி 19. கையெழுத்துக்குப் பக்கத்தில், அதே மையில், தாளின் மறுபக்கம் தடம் விழும்படி அழுத்தி எழுதியிருந்தது.

"ஒழுங்கான மனுஷன் மாமா," என்றேன். "எல்லாத்தையும் முறையா நிரப்பியிருக்காரு." ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து மெச்சுவது போலத்தான் சொன்னேன்.

குறை ஒன்றுதான் கண்டேன். சொந்தக்காரரின் அடையாள அட்டைப் பிரதி இல்லை. அது இல்லாவிட்டால் கந்தோரில் பெயர் மாற்றுவது கஷ்டம்.

"அது வேணாம் முதலாளி," என்றார் விற்பனைக்காரர். அவர் சிங்களவர், தமிழைப் பிடித்துப் பிடித்துப் பேசினார். "ஆள் வெளிநாடு போய்ட்டு. மூணு நாலு கை மாறி வந்த வண்டி தானே."

"விலாசம் அலவத்துகொட," என்றேன். "இருபத்திரண்டு கிலோமீற்றர். வீட்டில் யாராவது ஒரு பிரதி தருவாங்க. இன்றைக்கே போய் வாங்கிடலாம் மாமா."

"அந்தப் பக்கம் போக வேணாம்," என்றார் அவர் சிரித்துக்கொண்டு. பிறகு இன்னொரு முறை, சிரிக்காமல் சொன்னார்.

மாமாவுக்கு அது காதில் விழவில்லை. "புது வண்டிக்கு ஒரு ஓட்டம் வேணும்தானே. வா, போவோம்."

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினோம். எல்லாம் எண்பத்தைந்து ரூபா. மாமா பின்கதவைத் திறந்து குனிந்து வணக்கம் போட்டார். "ஏறுங்க வாத்தியாரே. படிச்சவங்க பின்னாலதான் உக்காரணும். நான் ட்ரைவர்."

ஏறினேன். கதவு மெத்தென்று சாத்திக்கொண்டது. உள்ளே அத்தர் வாசனையும், அதற்கு மேலே ஆஸ்பத்திரி கழுவும் மருந்தின் நெடியும் அடித்தன. கண்ணாடியை இறக்குவதற்குப் பொத்தானை அழுத்தினேன், வேலை செய்யவில்லை. கதவின் பிடியை இழுத்தேன், அதுவும் திறக்கவில்லை. மற்றப் பக்கமும் அப்படித்தான்.

"அது சின்னப் பிள்ளைக்கு போடுற லொக்," என்றார் விற்பனைக்காரர் வெளியிலிருந்து. "விழுந்துரும்னு. முதலாளி, முன்கண்ணாடியும் எறக்க வேணாம். ஏசி இருக்கு தானே."

10.40. மாமா சாவியைத் திருப்பினார். எஞ்சினோடு சேர்ந்து ஒரு குரலும் எழுந்தது. ஒலிநாடாப் பெட்டியில் யாரோ குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார். ஆரம்பத்திலிருந்து அல்ல, நடுவில், ஒரு வசனத்தின் பாதியிலிருந்து. மாமா இரண்டு மூன்று பொத்தான்களை அழுத்திப் பார்த்துவிட்டு, "சாமி பாட்டுத்தானே, இருக்கட்டும்," என்றார். முன்பலகைக் கடிகாரம் 11.10 காட்டியது. முந்தைய வருடம் நாட்டின் நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். இந்த வண்டி அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

11.05. பொல்கொல்ல அணைக்கட்டுக்குச் சற்று முன்னால் முதல் தடுப்பு. மாமா வழக்கம் போல நூறு மீற்றர் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, அடையாள அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டார். தேவைப்படவில்லை. நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே கம்பம் மேலே போய்விட்டது. காவலுக்கு நின்றவன் காலைத் தட்டி நிமிர்ந்து வணக்கம் வைத்தான்.

மாமா அட்டையை உதட்டிலிருந்து எடுக்க மறந்துபோனார். அரைக் கிலோமீற்றர் போனபிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடியும் சிரித்தார்.

"பாத்தியா மாப்ள! சல்யூட்டு! ஒங்க அத்த இருந்து பாத்திருக்கணும். மலரு பாத்திருக்கணும்."

"வண்டிக்குத்தான் மாமா சல்யூட்."

"இருக்கட்டுமேடா. வண்டி என்னுதுதானே."

11.25. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிச் சந்தி. இங்கே ஒரு பஸ்ஸை நிறுத்தி ஆட்களை இறக்கி வரிசையில் விட்டிருந்தார்கள். எங்களை வரிசைக்கு வெளியே கையசைத்துக் கூப்பிட்டார்கள். மெலிந்த, மீசை அரும்பிய ஒருவன் வந்தான். மாமா கண்ணாடியை இறக்கவில்லை. அவன் முன்பக்கம் வரவே இல்லை. நேராகப் பின்கதவுக்கு வந்து, கறுப்புக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி உள்ளே பார்த்தான். என் முகத்துக்கும் அவன் முகத்துக்கும் இடையில் ஒரு சாண் தூரம் இருந்திருக்கும். நிழல் போல ஏதோ தெரிந்திருக்க வேண்டும். விரல் முட்டியால் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"இன்றைக்கும் ஒருத்தன்தானா, சேர்?" என்று சிங்களத்தில், முன்னிருக்கையைப் பார்த்துக் கேட்டான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சிரித்துக்கொண்டே கையசைத்து வழிவிட்டான்.

மாத்தளை வீதியில் திரும்பினோம். மாமாவுக்கு என்னைவிட நன்றாகப் பேச்சுச் சிங்களம் தெரியும். என் காதில் விழுந்தது சரிதானா என்று அவரிடமே கேட்டேன்.

"என்ன மாமா கேட்டான்?"

"ஒண்ணுமில்ல."

நானும் விட்டுவிட்டேன். ஆனால் கதவின் பிடியை மறுபடியும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

11.45. அக்குறணை. வாசனைத் திரவியக் கடைகள் நிறைந்த நீளமான கடைத்தெரு. வியாழக்கிழமை மத்தியானம், நல்ல வெயில், கூட்டம் இருந்தது. கராம்பு காயவைத்த சாக்குகள் கடைவாசலில் கிடந்தன. எங்கள் ஜீப் நுழைந்ததும் பேச்சு நின்றது. கண்ணாடி மூடியிருந்ததால் சத்தம் நின்றது எனக்குக் கேட்கவில்லை. வாய்கள் நின்றதைத்தான் பார்த்தேன். கராம்பைக் கிளறிக்கொண்டிருந்த ஒருவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெள்ளைச் சீருடை அணிந்த நான்கு மாணவிகள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்கள். ஒரு கடையின் இரும்புக் கதவு பாதி வரை இறங்கி, நாங்கள் கடந்ததும் மேலே போனது. அடுத்த கடையும் அப்படியே செய்தது.

"பெரிய ஆள் யாரும் செத்துட்டாங்களோ?" என்றார் மாமா.

அந்த மௌனம் எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அது எங்களால்தான் என்று எனக்கு விளங்கக் கடைத்தெருவின் கடைசி வரை பிடித்தது. மாமாவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். அவர் ஓதும் குரலின் சத்தத்தைக் குறைத்தார்.

12.05. அலவத்துகொட. சந்தியில் ஒரு தேநீர்க் கடை முன்னால் நிறுத்தி, மாமா முதன்முறையாகக் கண்ணாடியை இறக்கினார்.

"ஐயா, நியாஸ்னு ஒருத்தர், இந்த ஜீப்போட பழைய சொந்தக்காரரு..."

"தெரியா," என்றார் கடைக்காரர். மாமா கேட்டு முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். பிறகு மாமாவின் முகத்தை, கழுத்துப்பட்டை கிழிந்த சட்டையை, முன்னிருக்கையில் கிடந்த இரண்டு முட்டைக்கோசைப் பார்த்தார். குழம்பிப்போனார். இருந்தும் "தெரியா" என்றே மறுபடியும் சொல்லி உள்ளே போய்விட்டார்.

மெதுவாக முன்னால் போனோம். பாதையின் நடுவில் ஒரு ஆடு நின்றது. மாமா ஹோர்னை அடித்தார். எங்கள் லொறி போல ஒற்றைச் சத்தமல்ல. மேலும் கீழுமாக இரண்டு சுரம். ஆடு அசையவில்லை. மாமா மறுபடியும் அடித்தார்.

வலப்பக்க ஒழுங்கையிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தார். முப்பது வயது இருக்கலாம். செருப்பில்லை. முக்காட்டை ஒரு கையால் பிடித்திருந்தார், மற்றக் கையில் அகப்பை. "வந்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே சாரதிப் பக்கம் வந்தவர், மாமாவைக் கண்டு அப்படியே நின்றார்.

நான் இறங்கிப் பேசலாம் என்று கதவை இழுத்தேன். திறக்கவில்லை. மறந்துபோயிருந்தேன். மாமா திறக்கட்டும் என்று கண்ணாடியை உள்ளேயிருந்து தட்டினேன்.

அந்தச் சத்தம் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் மாறியதை முன்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அகப்பை கீழே விழுந்தது. பாய்ந்து வந்து, இரண்டு கையாலும் பின்கதவை இழுத்துத் திறந்தார்.

உள்ளே நான் இருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் வெறும் இருக்கையைப் பார்த்தார், குனிந்து இருக்கைக்கு அடியிலும் பார்த்தார். எத்தனையோ வகுப்புகளில் எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு முகத்துக்கு முன்னால் மட்டும், நான் நானாக இருந்ததற்காக வெட்கப்பட்டேன்.

அவர் பெயர் பரீதா. நியாஸின் மனைவி.

12.20. வீட்டின் முன்அறை. ஆறு கதிரைகள், ஒரு கண்ணாடி அலுமாரி. நாங்கள் உட்காரும் முன்பே வாசலில் ஓர் ஆள், கடைக்கதவு தூக்கும் இரும்புக் கம்பியோடு மூச்சிரைக்க நின்றார். பரீதாவின் தம்பி ரிஸ்வி.

மாமா எழுந்து கைகளை விரித்தார். "தம்பி, அடிக்கிறதுன்னா மொதல்ல வாத்தியார அடிங்க. இங்க வரணும்னு அடம்புடிச்சது அவருதான். நான் வெறும் ட்ரைவரு."

ரிஸ்வி கம்பியைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை, ஆனால் வைத்தார்.

பல்லேகலவில் வாங்கியதை, கொடுத்த காசை, அடையாள அட்டைப் பிரதிக்காக வந்ததை எல்லாம் சொன்னேன். அவர்கள் மாறி மாறிச் சொன்னதிலிருந்து எங்களுக்குத் தெரியவந்தது இது: நியாஸ் அந்த ஜீப்பில் ஜனவரி பன்னிரண்டாம் திகதி, வெள்ளிக்கிழமை காலை வீட்டிலிருந்து போனார். திரும்பவில்லை. யார் கொண்டுபோனார்கள், ஏன் கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் தெரியாது. முறைப்பாடு கொடுத்தார்கள், பதில் வரவில்லை. ஜீப் மட்டும் அதற்குப் பிறகு வரத் தொடங்கியது. மாதத்தில் இரண்டு மூன்று தரம், கண்ணாடி ஏற்றியபடி, அக்குறணைக் கடைத்தெரு வழியாக மெதுவாகப் போய்வந்தது. அது வந்துபோன கிழமைகளில் சுற்றுவட்டாரத்தில் யாராவது ஒருவர் வீடு திரும்பவில்லை. அலவத்துகொட சந்திக்கு இப்பால் மட்டும் அது இதுவரை வந்ததில்லை.

"இண்டைக்கு ஹோர்ன் கேட்டிச்சி," என்றார் பரீதா. "நான் நெனச்ச..." அத்தோடு நிறுத்திவிட்டார்.

மாமா தொண்டையைச் செருமினார். "அந்தப் பின்கதவு, உள்ளேருந்து தொறக்க முடியாம ஒரு பூட்டு இருக்கே. சின்னப் புள்ளைக்குப் போடுறதாமே."

"எங்களுக்குச் சின்னப் புள்ள இல்ல, அண்ணன்," என்றார் பரீதா. "அப்படிப் பூட்டு ஒண்டு ஈக்கிற எண்டே அவருக்குத் தெரியா. மணிக்கூட்டயே மாத்தத் தெரியா. பழைய நேரம்தான் ஓடும்."

மாமா தலையைக் குனிந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர்ட கையெழுத்து ஈக்கி எண்டு சொன்னீங்களே, தம்பி. காட்டுங்க."

படிவத்தைக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலைத் திகதியின் மேல் வைத்தார். "ரிஸ்வி, இது என்ன மாசம்?"

"பெப்ரவரி, ராத்தா. பத்தொன்பது."

"அவர் போன ஜனவரி பன்னிரண்டு."

ரிஸ்வி விரல்விட்டு எண்ணினார். "முப்பத்தெட்டு நாள்."

வெளியே ஜீப்பின் எஞ்சின் ஆறுகிற சத்தம் டிக் டிக் என்று கேட்டது.

ரிஸ்விதான் முதலில் பேசினார். என்னைப் பார்த்துக் கேட்டார். "மச்சான் பதினஞ்சு வருஷம் வாகன யாவாரம் செஞ்சவர். ஓப்பன் பேப்பர்ல திகதி போட மாட்டாங்க எண்டு அவருக்குத் தெரியாதா, மாஸ்டர்?"

என் காது சூடானது. தெரியும். தெரிந்துதான் போட்டிருக்கிறார். கையெழுத்து வாங்கியவர்களுக்கு இந்தக் காகிதத்தின் வழக்கம் தெரியாது, அவருக்குத் தெரியும். எங்கோ ஒரு அறையில், யாரோ பேனாவைக் கையில் கொடுத்தபோது, தான் அன்றைக்கு உயிரோடு இருப்பதைத் தாளின் மறுபக்கம் தடம் விழும்படி அழுத்தி எழுதிவிட்டார். அதைத்தான் நான் காலையில் ஒழுங்கு என்று மெச்சினேன்.

"அவர்ட நானாமார் என்ன இத்தா இருக்கச் சொல்றாங்க," என்றார் பரீதா. நானாமார் என்றது நியாஸின் அண்ணன்மாரை. கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் ஒதுங்கியிருக்கும் கடமைதான் இத்தா. "நான் இருந்தா மவுத்து எண்டு முடிஞ்சிரும். கடைய, காணியப் பிரிச்சிருவாங்க. தேடுற ஆளும் இல்லாமப் போயிரும். ஒரு மையித்து முகமும் பாக்காம எப்படி இருக்கிற எண்டு நான் மாட்டேன்னுட்டேன். எல்லாரும் எனக்குப் பைத்தியம் எண்டாங்க." அவர் படிவத்தை நெஞ்சோடு வைத்திருந்தார். பிறகு, அது தன்னுடையதல்ல என்று நினைவு வந்தது போல, மெதுவாக என்னிடம் நீட்டினார். "ஒரு பொட்டோக் கொப்பி எடுத்துக்கிறேனே, தம்பி. அது போதும்தானே?"

என்னை எல்லோரும் பார்த்தார்கள். காகிதம் என்றால் என்னைப் பார்ப்பது வழக்கம். போதும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். மாமாவின் பதினொரு வருட உழைப்பும் அத்தையின் நகையும் அந்தச் சொல்லில் தப்பியிருக்கும்.

"போதாது," என்றேன். "பிரதிய வச்சி வழக்குப் போட்டா, திகதிய நீங்களே எழுதிக்கிட்டீங்கன்னு சொல்லுவாங்க. இந்த மையும் இந்தத் தடமும் வேணும். நாங்க இத கந்தோர்ல குடுத்தா, திரும்பக் கிடைக்காது."

மாமா என்னைப் பார்க்காமலே கேட்டார். "இது இல்லாட்டி வண்டிய என் பேருக்கு மாத்த முடியுமா?"

"முடியாது மாமா."

"விக்க?"

"முடியாது."

அவர் எழுந்து வெளியே போனார். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சக்கரத்தில் ஒட்டியிருந்த எலுமிச்சம்பழத் தோலைக் குனிந்து எடுத்துப் பாதையோரம் போட்டார். பின்கதவைத் திறந்து, தானே ஏறி, உள்ளேயிருந்து சாத்திக்கொண்டார். இரண்டு மூன்று நிமிடம் இருந்தார். கறுப்புக் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தட்டும் சத்தம் கேட்டது. நான் போய்த் திறந்துவிட்டேன். அவர் நெற்றி வியர்த்திருந்தது.

"என்னைய எறக்கி மழையில வச்சாங்கன்னு நான் இத வாங்குனேன்," என்றார் ரிஸ்வியிடம். "ஒங்க மச்சான எறங்கவே விடலையே, தம்பி." சாவியை அவர் கையில் வைத்தார். "பேப்பரையும் வச்சுக்குங்க. வண்டி ஒங்க வூட்டு வண்டி."

3.40. அஸர் தொழுகை முடிந்த நேரம். ஜீப்பை வீட்டில் வைத்தால் தேடி வருவார்கள் என்று ரிஸ்வி பயந்தார். எனவே பள்ளிவாசல் முன்றலில், ஊரார் எல்லோரும் காண, நான்கு கதவையும் விரியத் திறந்து நிறுத்தினோம். நடந்ததை நான் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பதினான்கு பேரும் திகதி போட்டார்கள். மத்தியானம் நியாஸைத் தெரியாது என்ற தேநீர்க் கடைக்காரரும் அதில் ஒருவர். அவர் எங்களுக்குப் பிளேன்டீ கொண்டுவந்து தந்து, காசு வாங்க மறுத்தார். ரிஸ்வி பின்கதவின் விளிம்பில் இருந்த சிறு நெம்புகோலைத் திருப்புளியால் தள்ளினார். டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான் அந்தப் பூட்டு.

4.20. கண்டி பஸ், ஆளுக்கு இருபது ரூபா. முட்டைக்கோசு இரண்டையும் பரீதாவின் வீட்டில் கொடுத்துவிட்டதால் மாமாவின் மடி வெறுமையாக இருந்தது. அக்குறணையில் கராம்பு அள்ளிக்கொண்டிருந்தார்கள், ஆட்கள் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் பார்த்த ஊர்தானா என்று இருந்தது.

5.00. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடி. பஸ் நின்றது. பக்கத் தகரத்தில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. எனக்கு அந்தத் தட்டுத் தெரியும். எல்லோரும் இறங்கினோம். அதே மெலிந்த ஆள், அதே அரும்பு மீசை. மாமாவின் அட்டையை வாங்கி, பெயரை வாசித்து, ஏற இறங்கப் பார்த்தான். எங்கே போய்விட்டு வருகிறாய் என்று சிங்களத்தில், ஒருமையில் கேட்டான்.

"ஒரு வீட்டுக்கு, சேர்," என்றார் மாமா, அதே சிங்களத்தில்.

வெயிலில் பதினைந்து நிமிடம் வரிசையில் நின்றோம். மாமா தலை நிமிர்ந்து நின்றார் என்று எழுத ஆசைதான். அப்படி நிற்கவில்லை, மற்றவர்களைப் போலத்தான் நின்றார். ஆனால் மறுபடி ஏறி உட்கார்ந்ததும், சன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்துவிட்டு, கண்டியில் பஸ் மாறியும் கலஹா வரை கையை வெளியே போட்டபடி வந்தார்.

வீட்டு வாசலில் அத்தை நின்றார். பார்க்கமாட்டேன் என்று சொன்னவர் பாதையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

"வண்டி எங்க?"

"அதோட வீட்ல விட்டுட்டு வந்துட்டேன்," என்றார் மாமா.

மிச்சத்தை நான் சொன்னேன். அத்தை கழுத்தைத் தடவிக்கொண்டு கேட்டார். அங்கே வெறும் கறுப்புக் கயிறுதான் இருந்தது. கடைசியில் "அந்தப் பொண்ணுக்கு அகப்பை ஒடஞ்சிருச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

மூன்றாம் நாள் பல்லேகலவுக்குப் போனோம், காசைக் கேட்க. தகரம் இல்லை. வாகனங்கள் இல்லை. புல் முளைக்காத மண்ணில் எட்டு எண்ணெய்க் கறைகள் மட்டும் வரிசையாக இருந்தன. எதிர்க்கடையில் விசாரித்தோம். இங்கே வாகனம் விற்றதாகத் தனக்கு நினைவில்லை என்றார் அந்த மனிதர், எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

ரிஸ்வி ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். படிவம் வழக்கறிஞரிடம் இருக்கிறதாம், வழக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதாம். நியாஸ் பற்றி வேறு தகவல் இல்லை. ராத்தா இத்தா இருக்கவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருந்தது.

எங்கள் கலஹாவில் இப்போதும் இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு பெரிய வண்டியின் சத்தம் கேட்டால் மாமா சாப்பாட்டுக் கையோடு வாசலுக்கு வந்து, அது கடந்துபோகும் வரை நிற்கிறார். மற்றபடி மீதமிருக்கும் ஒரு லொறியில் லீக்ஸ் போகிறது, தடுப்பில் இறக்குகிறார்கள், திரும்ப ஏற்றுகிறார். போன கிழமை மலர், மொத்தம் எவ்வளவு போனது என்று கேட்டாள். "வாத்தியார்கிட்ட கேளு, கணக்கு அவருதான்," என்றார் மாமா. ஜீப்பும், தேங்காய் கற்பூரமும், இரண்டு பயணத்துக்கும் இரண்டு பேருக்கான பஸ் காசும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். கீழே அன்றைய திகதியையும் போட்டேன். முப்பத்தாறு லட்சத்து நானூற்றுப் பதினைந்து ரூபா.